ஏதென்ஸ் தெருவில் கிரேக்கம்: ஒரு காப்பி, ஒரு கிலோ தக்காளி, நிறைய வாழ்த்துகள்

கிரேக்கத்தைப் புத்தகத்தில் தொடங்கினால் முதல் மாதம் முழுக்க அட்டவணைதான். மூன்று பால், நான்கு வேற்றுமை, ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வேர். நாற்பது வயதுக்கு மேல் இதை மனப்பாடம் செய்ய உட்காருகிறவர்களில் பலர் இரண்டாம் மாதமே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே இலக்கணம் ஏதென்ஸின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் கடைகடையாகப் பிரிந்து கிடக்கிறது. காப்பிக் கடையில் இரண்டாம் வேற்றுமை, ரொட்டிக் கடையில் வினை, வாரச் சந்தையில் எண்ணும் பன்மையும், மாடிப்படியில் விளி வேற்றுமை. வாரம் முழுக்க ஒரே கடைகளுக்கு, ஒரே வரிசையில், ஒரே வாக்கியங்களோடு போய் வருவதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. பத்துக் கடைகளில் ஒவ்வொரு முறை பேசுவதைவிட ஒரே கடையில் பத்து முறை பேசுவது நன்றாக ஒட்டும்.

கிரேக்கச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடில் எங்கே வருகிறதோ அங்கேதான் அழுத்தம். இரட்டித்த 'க்க', 'த்த', 'ப்ப' வல்லோசை; வாயில் ஒற்றையாகவே வரும். 'ஃத' என்பது நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடும் ஒலி. 'ஸ' சில இடங்களில் அதிர்ந்து ஒலிக்கும். அதைக் காதால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காப்பியில் தொடங்கலாம். விலைப்பலகையில் 'எலினிக்கோஸ்' என்று இருக்கும், கிரேக்கக் காப்பி. கேட்கும்போது அந்த 'ஸ்' போய்விடும்: "ஏனன் எலினிக்கோ மேத்ரியொ, பரக்கலோ." ஆண்பால் பெயர் செயப்படுபொருளானால் கடைசி 'ஸ்' உதிரும். தமிழில் 'ஐ' சேர்கிறது, அங்கே ஓர் எழுத்து குறைகிறது, அவ்வளவுதான். 'மேத்ரியொ' என்றால் நடுத்தர இனிப்பு, 'ஸ்கேத்தொ' சர்க்கரை இல்லாதது, 'க்லிக்கோ' நல்ல இனிப்பு. இதைக் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் சர்க்கரையைப் பின்னால் கலக்குவதில்லை. 'ப்ரீக்கி' என்ற நீண்ட கைப்பிடிச் சிறு பாத்திரத்தில் ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி மாவு போல அரைத்த தூள், மேத்ரியொவுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை மூன்றும் சேர்ந்துதான் சிறுதீயில் ஏறும். நுரை பொங்கி விளிம்புக்கு வந்ததும், கொதிக்குமுன் இறக்குவார்கள். அந்த நுரைக்குப் பெயர் 'கய்மாக்கி'. கோப்பை வந்த பிறகு கரண்டி போட்டால் நுரை கெட்டு, அடியில் உட்கார்ந்த தூள் மேலே வரும். முக்கால் கோப்பையைக் குடித்து வண்டலை விட்டுவிட வேண்டும். கூடவே ஒரு குவளைத் தண்ணீர் வரும். இந்த ஒரு கோப்பையில் வேற்றுமை ஒன்று, பெயரடைகள் மூன்று, பாத்திரப் பெயர் ஒன்று, மரியாதைச் சொல் ஒன்று. ஒரு வாரம் தினமும் ஒரு கோப்பை கேட்டால் எந்த அட்டவணையும் இல்லாமல் நாக்கில் ஏறிவிடும்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை தமிழ் வாய்க்குக் கிடைக்கும் சலுகைகளை ஆங்கில வழிப் பாடநூல்கள் சொல்வதில்லை. கிரேக்கத்தில் மூச்சொலி கலந்த வல்லினம் கிடையாது. நம் 'பத்து', 'பக்கம்' போதும். 'அகம்' என்று சொல்லும்போது 'க' எப்படி இளகுகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் அவர்களுடைய 'காமா' எழுத்து. 'அது' என்பதில் வரும் 'த' அவர்களுடைய 'தெல்த்த' எழுத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அதைவிட அழகான ஒற்றுமை மெல்லினத்துக்குப் பின்னால் இருக்கிறது. 'பந்து', 'கம்பு', 'சங்கு' என்று நாம் வல்லினத்தை இயல்பாகவே மென்மையாக்குகிறோம். அவர்களும் ஐந்து என்பதை வல்லின எழுத்தில் எழுதிவிட்டு 'பேந்தெ' என்று 'பந்து'வில் உள்ள 'த'வோடுதான் படிக்கிறார்கள். 'தின்' என்ற சொல்லும் 'போர்த' (கதவு) என்ற சொல்லும் சேர்ந்தால் 'திம்போர்த'. அந்த 'ப' நம் 'கம்பு'வில் உள்ள 'ப'. மற்ற மொழிக்காரர்கள் விதியாகப் படிப்பதை நம் வாய் கேட்காமலே செய்துவிடும்.

தவறுவது வேறு இடங்களில். முதலாவது, ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போட்டுவிடுவது. தக்காளி 'டொமாட்டெஸ்' அல்ல, 'தொமாத்தெஸ்'. முதல் எழுத்து 'பந்து'வில் உள்ள 'த', நடுவில் 'பத்து'வில் உள்ள 'த்த'. இரண்டாவது, சொல் முடிவில் உகரம் சேர்ப்பது: 'கலோஸு' என்று இழுத்தால் அங்கே இல்லாத அசை ஒன்று முளைக்கிறது. மூன்றாவது, தொடக்கக் கூட்டெழுத்து. ரொட்டி 'ப்ஸொமீ'; 'பிஸொமீ' அல்ல. உதட்டை மூடி, 'ஸ'வுக்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, உதட்டைத் திறக்கும்போதே 'ஸ' வந்துவிட வேண்டும். 'கேப்ஸ்யூல்' என்பதன் நடுவில் இதை எளிதாகச் சொல்கிறோம். முன்னால் இருக்கும் 'கே'வை மெல்ல விழுங்கிப் பழகினால் இரண்டு நாளில் வரும். நான்காவது, இரட்டித்தல். எழுத்தில் இரண்டு 'ல்' இருந்தாலும் ஏதென்ஸில் ஒன்றாகத்தான் ஒலிக்கும். சைப்ரஸ் கிரேக்கத்தில் இரட்டிப்பு உண்மையிலேயே உண்டு. அங்கே போகிறவர்களுக்குத் தமிழ்ப் பழக்கம் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அழுத்தம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. கிரேக்கத்தில் 'போத்தெ' என்றால் எப்போது, 'பொத்தே' என்றால் ஒருபோதும் இல்லை. 'மீலொ' ஆப்பிள், 'மிலோ' நான் பேசுகிறேன். 'ஹோரொஸ்' இடம், 'ஹொரோஸ்' நடனம். ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இடம் மாறினால் கடைக்காரர் விழிப்பார். ஒலி கொஞ்சம் பிசகி அழுத்தம் சரியாக இருந்தால் புரிந்துகொள்வார். ஆகவே குறிப்பேட்டில் ஒரு சொல்லை எழுதும்போது அழுத்தக்குறி இல்லாமல் எழுதவே கூடாது. 1982 முதல் ஒரே ஒரு குறிதான், உயிரெழுத்தின் மேல் சின்னக் கோடு.

ஆனால் கடைப்பலகைகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், அதில் அந்தக் குறி போடுவதில்லை. எனவே பலகையில் படித்த சொல்லை யாராவது வாயால் சொல்லக் கேட்ட பிறகே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து மொத்தம் 24. மூன்று நான்கு நாள் வேலை. ஏமாற்றுபவை தெரிந்த முகத்தோடு வருபவைதான்: ஆங்கில 'பி' (P) போல இருப்பது 'ர்', பெரிய 'எச்' போல இருப்பது 'இ', சிறிய 'வி' போல இருப்பது 'ன்', 'எக்ஸ்' போல இருப்பது 'ஹ்'. அரைப்புள்ளி போல இருப்பது கேள்விக்குறி. 'இ' என்ற ஒரே ஒலியை ஆறு விதமாக எழுதுவார்கள். அதனால் எழுதக் கற்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, படிக்க மட்டும் முதலில் பழகலாம்.

பலகை விஷயத்தில் தமிழருக்கு வியப்பே தராத ஒன்று உண்டு: எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு. ரொட்டிக் கடையின் நெற்றியில் 'அர்த்தொப்பியீயொ' என்று இருக்கும். தெருவில் எல்லோரும் 'ஃபூர்னொஸ்' என்பார்கள், அதாவது அடுப்பு. இறைச்சிக் கடைப் பலகையில் 'க்ரெயொப்பொலீயொ', வாயில் 'ஹஸாப்பிக்கொ'. மீன் கடைப் பலகையில் 'இஹ்ஃதியொப்பொலீயொ', வாயில் 'ப்ஸராதிக்கொ'. திராட்சை மது புட்டியில் 'ஈனொஸ்', மேசையில் 'க்ரஸீ'. 'கஃதரேவுஸ' என்ற செம்மைப்படுத்திய நடைதான் 1976 வரை அரசு மொழி. அந்த ஆண்டில்தான் மக்கள் பேசும் 'திமொதிக்கீ' கல்விக்கும் நிர்வாகத்துக்கும் வந்தது. பழைய நடை பலகைகளிலும் படிவங்களிலும் இன்னும் வாழ்கிறது. மேடைத் தமிழையும் வீட்டுத் தமிழையும் பிரித்துக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் குழப்பம் என்று நினைக்க மாட்டார்கள்; குறிப்பேட்டில் பலகைச் சொல், வாய்ச்சொல் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

ரொட்டிக் கடையில் வினையின் இரண்டு வேர்களைப் பிடிக்கலாம். தினமும் வாங்குகிறேன் என்றால் 'பேர்னொ'. இப்போது ஒரு தடவை வாங்கப்போகிறேன் என்றால் 'ஃத பாரொ', வாங்க வேண்டும் என்றால் 'ஃதேலொ ந பாரொ'. தொடர்ந்து நடப்பதற்கு ஒரு வேர், ஒரே மூச்சில் முடிவதற்கு இன்னொரு வேர். இலக்கணப் புத்தகங்கள் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கும். கடையில் கேட்பதெல்லாம் ஒரு தடவைச் செயல்தான் என்பதால் 'ஃத' அல்லது 'ந' வந்தால் குறுகிய வேரைப் போடு என்று பழகிக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'வாங்கினேன்' என்பதில் 'ஏன்' ஒட்டியிருப்பது போல 'ஒ' என்ற ஈறே தன்மையைக் காட்டிவிடும்.

இனி வாரச் சந்தை. 'லய்க்கீ' என்பார்கள். ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவை மறித்துக் காலையில் விரித்து, மதியம் இரண்டு, இரண்டரைக்குக் கட்டிவிடுவார்கள். ஏதென்ஸில் எக்ஸார்ஹியா பகுதியின் கலித்ரொமீயு தெருவில் சனிக்கிழமை கூடும் சந்தை பேர்போனது. மொழி கற்க வருகிறவர் பதினோரு மணி நெரிசலில் போகக் கூடாது. பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது வியாபாரிக்குப் பொறுமை இருக்காது. விரித்தவுடன் போகலாம், அல்லது ஒரு மணிக்கு மேல் போகலாம். கடைசி அரை மணியில் விலையும் இறங்கும்.

கேட்க வேண்டிய வாக்கியம்: "வால்தெ மு ஏன கிலோ தொமாத்தெஸ்." எனக்கு ஒரு கிலோ தக்காளி போடுங்கள். 'வால்தெ'யில் உள்ள 'தெ' நம் 'ங்கள்'. 'கிலோ' அழுத்தம் உட்பட நாம் சொல்வது போலத்தான். இரண்டு கிலோ 'தீயொ கிலா', மூன்று கிலோ 'த்ரீய கிலா', அரைக் கிலோ 'மிஸோ கிலோ'. எண்ணில் ஒரு பொறி இருக்கிறது: ஒன்று, மூன்று, நான்கு ஆகியவை பாலுக்கேற்ப மாறும். மூன்று தக்காளி 'த்ரிஸ் தொமாத்தெஸ்', தக்காளி பெண்பால். மூன்று ஆப்பிள் 'த்ரீய மீல', ஆப்பிள் அலிப்பால், அதாவது ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பால். காயின் பால் தெரியாதபோது எண்ணிக்கையில் கேட்காமல் கிலோவில் கேளுங்கள். கிலோ அலிப்பால், எண்ணும் அதற்கே ஒத்துப்போகும், தவறவே வாய்ப்பில்லை. கீரை வகைகளில் வோக்கோசு போன்றவை கட்டாக விற்கும்: 'ஏன மாத்ஸொ மய்ந்தனோ'. 'மாத்ஸொ' என்ற அந்தக் கட்டும் அலிப்பால்தான்.

இன்னொரு குறுக்கு வழி 'ஆக்கி'. எந்தப் பெயரோடும் இதை ஒட்டிச் சிறுமைப்படுத்தினால் அது அலிப்பாலாகிவிடும். பேச்சிலும் ஒரு குழைவு வரும். தண்ணீர் 'நெரோ', கொஞ்சம் தண்ணீர் 'நெராக்கி'. காப்பி 'கஃபேஸ்', 'கஃபெதாக்கி'. ரொட்டி 'ப்ஸொமாக்கி'. உள்ளூர்க்காரர்களும் இதை ஓயாமல் பயன்படுத்துவார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் போட்டால் பச்சைக் குழந்தையிடம் பேசுவது போல ஆகிவிடும்; ஒரு வேண்டுகோளுக்கு ஒன்று போதும். சந்தையை விட்டுப் பசியோடு சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'கலமாக்கி' ஏதென்ஸில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி, தெஸ்ஸலோனிக்கியில் உறிஞ்சு குழல்.

அரை என்பது நமக்கு மிகவும் சொந்தமான இடம். ஒன்றரை கிலோ 'எனாமிஸி கிலோ', இரண்டரை கிலோ 'த்யோமிஸி கிலா'. 'இரண்டரை' போலவே எண்ணும் அரையும் ஒரே சொல்லாக ஒட்டிவிடுகிறது. மணியும் அப்படித்தான்: இரண்டரைக்கு, 'ஸ்திஸ் த்யோமிஸி'. முக்காலில் மட்டும் எதிர்த்திசை. நாம் 'ரெண்டே முக்கால்' என்று இரண்டிலிருந்து ஏறுகிறோம். அவர்கள் 'த்ரிஸ் பரா தேத்தர்தொ', மூன்றுக்குக் கால் குறை என்று இறங்குகிறார்கள். 'த்ரிஸ்' என்று காதில் விழுந்ததும் மூன்றேகால் என்று நினைத்துப் பேருந்தைக் கோட்டைவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 'பரா' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டி வைத்திருங்கள்.

எடை போட்டதும் "தீப்பொத் ஆலொ?" என்பார், வேறு ஏதாவது? போதும் என்றால் "அஃப்தா", இவ்வளவுதான். பல்பொருள் அங்காடியில் காசாளர் கேட்கும் "ஃதேலெத்தெ ஸக்கூல?" என்பது பை வேண்டுமா என்ற கேள்வி. 2018 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தனிக்காசு என்பதால் எல்லோரிடமும் கேட்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ரசீதை எடுத்து வைத்து வாசியுங்கள். வாங்கிய பொருள் கண் முன்னால் இருக்கிறது, பெயர் தாளில் இருக்கிறது, அகராதியே தேவையில்லை. கீழே 'ஸீனொலொ' மொத்தம், 'மெத்ரித்தா' ரொக்கம், 'ரேஸ்த' மீதிச் சில்லறை.

மாடிப்படியில் விளி வேற்றுமை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது 'ஒ யோர்கொஸ்'. ஆட்பெயருக்கு முன்னாலும் ஆணுக்கு 'ஒ', பெண்ணுக்கு 'இ' என்ற சுட்டு, ஆங்கில 'தி' (the) போன்றது, கட்டாயம். அவரையே கூப்பிடும்போது 'ஸ்' போய் 'யோர்கொ'. நீளமான பெயர்கள் 'எ' ஆகும்: 'அலேக்ஸந்த்ரொஸ்', 'அலேக்ஸந்த்ரெ'. தமிழில் 'கண்ணன்', 'கண்ணா' ஆவதைப் போலத்தான். வயதில் மூத்தவரை 'கீரியெ யோர்கொ', 'கிரீய எலேனி' என்று மரியாதைச் சொல்லோடு முதல் பெயரைச் சேர்த்து அழைப்பது பேட்டை வழக்கம். அழுத்தத்தைக் கவனியுங்கள்: ஆணுக்குக் 'கீ', பெண்ணுக்கு 'ரீ'. முன்பின் தெரியாதவரிடமும் பெரியவரிடமும் 'எஸீஸ்', நீங்கள். அவரே 'எஸீ' என்று பேசச் சொல்லும்வரை காத்திருப்பது நல்லது. இளைஞர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் வசைச் சொற்களை வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்பீர்கள்; எடுத்துக்கொள்ளாதீர்கள், வெளியார் வாயில் அவை வசையாகவே விழும்.

வாழ்த்துகளில் நான் கொஞ்சம் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். கிரேக்க நாள் முழுக்க வாழ்த்துகளால் தைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தருணம் உண்டு, தருணம் கண் முன்னால் நடப்பதால் மறக்காது. காலையில் 'கலிமேர', மதியத்துக்குப் பிறகு 'கலிஸ்பேர', இரவு பிரியும்போது மட்டும் 'கலினீஹ்த'. மதியம் விடைபெறும்போது 'கலோ மெஸிமேரி'. திங்கட்கிழமை 'கலீ எவ்தொமாத', நல்ல வாரம். மாதத்தின் முதல் நாள் 'கலோ மீன', நல்ல மாதம். ஆகஸ்ட் கடைசியில் விடுமுறை முடிந்து திரும்பியவர்கள் வியர்க்க வியர்க்க 'கலோ ஹிமோன' என்பார்கள், நல்ல குளிர்காலம். முடி வெட்டிக்கொண்டு வந்தவருக்கும் புதுச்சட்டை போட்டவருக்கும் 'மெ யா', ஆரோக்கியத்தோடு. சமைத்தவருக்கு 'யா ஸ்த ஹேர்ய ஸு', உன் கைகளுக்கு ஆரோக்கியம்; கைமணத்தைப் புகழும் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். நோயாளிக்குப் 'பெரஸ்திக்கா', புது வீட்டுக்குக் 'கலொரீஸிக்கொ'. துக்க வீட்டில் 'ஸிலிப்பித்தீரிய', கையைப் பற்றிக்கொண்டு 'ஸொயீ ஸெ ஸஸ்', உங்களுக்கு ஆயுள். இந்த இரண்டையும் தேவைப்படுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த வீட்டில் பெற்றோரிடம் 'ந ஸஸ் ஸீஸி', உங்களுக்காக வாழட்டும். குழந்தையின் அழகைப் புகழ்ந்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. 'ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ' என்று மூன்று முறை துப்புவது போலச் சொல்ல வேண்டும். கண் பட்டுவிடக் கூடாதே. திருஷ்டிக்கு அங்கே 'மாத்தி' என்றே பெயர், கண் என்ற அதே சொல்.

பிறந்த நாளைவிடப் பெயர் நாள், அதாவது தன் பெயரைக் கொண்ட புனிதரின் திருநாள், பல வீடுகளில் பெரிது. ஜனவரி 7 யானிஸ், மே 21 கொன்ஸ்தந்தீனொஸும் எலேனியும், ஆகஸ்ட் 15 மரீய, அக்டோபர் 26 திமீத்ரிஸ், டிசம்பர் 6 நீக்கொஸ். யோர்கொஸுக்கு ஏப்ரல் 23. அது ஈஸ்டர் நோன்புக் காலத்தில் விழுந்தால் ஈஸ்டர் திங்களுக்குத் தள்ளிப்போகும். பழகிய கடைக்காரர்கள், அண்டை வீட்டார் பெயர்களுக்கு நேரே தேதிகளைக் குறித்து வைத்து அன்று 'ஹ்ரோன்ய பொலா' (பல்லாண்டு) சொல்லுங்கள். 'நாஸ்தெ கலா' (நலமாக இருங்கள்) என்று பதில் வரும். இனிப்பும் வரும், அங்கே பெயர் நாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் கடைக்காரர் உங்களிடம் பேசும் கிரேக்கம் அதுவரை பேசியதைவிட நீளமாக இருக்கும். ஈஸ்டர் நள்ளிரவு முதல் நாற்பது நாள் வணக்கத்துக்குப் பதில் 'ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி', கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்; மறுமொழி 'அலிஃதோஸ் அனேஸ்தி', உண்மையாகவே உயிர்த்தெழுந்தார்.

ஆம் என்பது 'நெ', இல்லை என்பது 'ஓஹி'. பலர் 'ஓஹி' என்று வாயால் சொல்வதே இல்லை. புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து 'ச்' என்று ஒரு சத்தம். நம் வீடுகளில் 'ப்ச்' கொட்டுவது போலத்தான். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சரக்கு இல்லை என்று பொருள். நாம் பக்கவாட்டில் தலையாட்டி ஆமோதிப்பதுதான் அவர்களுக்குப் புரியாது. கூடவே 'நெ' சொல்லிவிடுங்கள்.

தடுமாறுவதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்குத் தாவுவார். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார். "மஃதேனொ எலினிக்கா. மிலீஸ்தெ மு எலினிக்கா, பரக்கலோ" (கிரேக்கம் கற்கிறேன், தயவுசெய்து என்னிடம் கிரேக்கத்தில் பேசுங்கள்) என்று சொன்னால் முகம் மலர்ந்து திரும்பி வருவார். வேகமாகப் போனால் "ப்யொ அர்கா", இன்னும் மெதுவாக. பெயர் தெரியாத பொருளைத் தொட்டுக் காட்டி "போஸ் தொ லேனெ அஃப்தோ?", இதை எப்படிச் சொல்வார்கள்? முதல் வாரத்திலேயே இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

அலுவலக வேலைக்கு எண்களைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். வரி எண் 9 இலக்கம், சமூகக் காப்பு எண் 11, தொலைபேசி 10. இவற்றை ஒவ்வோர் இலக்கமாக அல்லாமல் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ சேர்த்துச் சொல்வார்கள். கைபேசி எண்கள் 69இல் தொடங்குவதால் 'எக்ஸீந்த எனேய' என்று காதில் விழுந்ததும் பேனாவை எடுக்கலாம். உங்கள் சொந்த எண்கள் மூன்றையும் இரண்டிரண்டாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். சான்றிதழ் வேண்டுபவர்களுக்குத் தெஸ்ஸலோனிக்கியில் உள்ள கிரேக்க மொழி மையம் ஆறு நிலைகளில் தேர்வு நடத்துகிறது. அதில் எழுத்துப் பகுதியும் உண்டு என்பதால் தள்ளிப்போட்ட ஆறு 'இ'க்களை அப்போது உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

குறிப்பேட்டுக்குப் பையில் அடங்கும் அளவு போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றும் 'ஒ', 'இ', 'தொ' என்ற சுட்டோடும் அழுத்தக்குறியோடும், எந்தக் கடையில் யார் வாயால் கேட்டது என்ற குறிப்போடும். மறுநாள் அதே கடையில் அந்த ஐந்தையும் உங்கள் வாயால் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஐந்து.